நோய்க்காரணம்: மேற்படி

மார்ச் 4
மனநல மருத்துவமனைக்கு நூறு வயதாகிறதாம். மனநோயை மனிதர்கள் புரிந்துகொண்ட கதையையும் அங்கே வைத்தியம் வளர்ந்த கதையையும் சேர்த்து ஒரு மலர் எழுத வேண்டுமாம். "இதுக்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் யாரு சார்?" என்றான் எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறைத்தலைவன். என்னைவிட ஒன்பது வயது இளையவன், எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். என்ன பொருத்தம் என்று எனக்குத் தெரியாதா? என் அக்கா இருபத்தேழு வருடமாக அங்கேதான் இருக்கிறாள். அது அவனுக்கும் தெரியும்.

மார்ச் 11
ஆவண அறை. தூசி, கரப்பான், சுற்றாத மின்விசிறி. பழைய பதிவேடுகளில் 'நோய்க்காரணம்' என்றொரு கட்டம். பேய். நிலவு. வெயில். அதிகப் படிப்பு. ஒரு பெண்ணுக்கு, 'கணவனை எதிர்த்துப் பேசுதல்'. வைத்தியம்: தலையில் நாற்பது குடம் குளிர்ந்த நீர்.

மார்ச் 19
முதலில் சங்கிலி. பிறகு குளிர்நீர். பிறகு இன்சுலின் ஏற்றி நினைவிழக்க வைப்பது, மயக்க மருந்தில்லாமல் மின் அதிர்ச்சி, அப்புறம் மாத்திரை. ஒவ்வொரு காலத்து வைத்தியனும் தனக்கு முந்தையவனைக் காட்டுமிராண்டி என்று திட்டிவிட்டுத் தன் கையில் இருப்பதை விஞ்ஞானம் என்கிறான். முன்னுரையில் இப்படி எழுதியிருந்தேன். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் சிரித்துக்கொண்டே அந்த வரிகளை அடித்தார். (எதற்கும் சிரிப்பார். சிரிப்பு டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.)
"விழா மலர் சார் இது. சங்கிலி அத்தியாயத்தை எடுத்துடுங்க. தோட்டத்துப் படம் நிறைய இருக்கு."

மார்ச் 20
எடுக்க மாட்டேன்.

மார்ச் 27
தேநீர்க் கடைக்குப் பெண்கள் பகுதி வழியாகப் போனால் இரண்டு நிமிடம். நான் சுற்றிக்கொண்டு போகிறேன். யாரால் நான் இப்படித் தனிமரமாக நிற்கிறேன்? எனக்கு நிச்சயித்த பெண்ணின் அப்பா, அக்காவுக்குக் கொடுத்த சான்றிதழை எங்கிருந்தோ பிடித்துப் படித்தார். 'காரணம்: வம்சாவழி.' "நாளைக்கு எங்க பேரப்பிள்ளைகளுக்கும் வருமில்ல?" என்றார். சம்பந்தம் முறிந்தது. அம்மா அன்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அக்காவைப் பார்க்க நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஏன் போக வேண்டும்?

ஏப்ரல் 2
அவள் சேர்ந்த வருடத்தின் பதிவேடு இன்று கைக்கு வந்தது. திறக்காமல் விட்டிருக்கலாம்.
அவள் பெயருக்கு நேரே, காரணக் கட்டத்தில், 'மேற்படி'. அதற்கு மேலும் மேற்படி. நாலு வரி ஏறிப் பார்த்தேன். உச்சியில் யாரோ ஒரு ஐம்பது வயதுக்காரி. அவளுடைய அம்மாவும் சித்தியும் இங்கேயே இருந்தவர்கள். அவளுக்கு 'வம்சாவழி' என்று எழுதியது சரி. அவளுக்குக் கீழே அன்று சேர்ந்த பதின்மூன்று பேருக்கும் மேற்படி.
எழுதியவர் இன்னும் இங்கேதான், ஆவண அறைத் தலைமை எழுத்தர். மூஞ்சிக்கு நேரே நீட்டினேன்.
"அன்னிக்குச் சரியான கூட்டம் சார். ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு எழுதினா பொழுது போயிடும். டாக்டர் அப்புறம் திருத்திப்பாருன்னு..."
"திருத்தினாரா?"
"அவர் இதைப் பார்த்துத்தானே சார் சான்றிதழே எழுதினாரு?"
அக்காவோட குழந்தை செத்துப்போச்சு. பிறந்த பத்தொன்பதாம் நாள். அப்புறம் ஒரு மாசம் அவ பேசல, சாப்பிடல, தூங்கல. அதுதான் காரணம். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் அந்தக் காகிதத்தை நம்பினேன்?

ஏப்ரல் 3
எழுத்தரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். போதவில்லை. அவளைச் சேர்த்த ஆறே மாதத்தில் மறுகல்யாணம் செய்துகொண்ட அக்கா புருஷனைத் திட்டினேன். அதுவும் போதவில்லை.

ஏப்ரல் 6
போனேன்.
தையல் கூடத்தில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். முழுக்க நரைத்துவிட்டது. மூக்குக்கண்ணாடி.
"யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றாள்.
"இல்ல."
"அப்புறம் எதுக்குடா வந்தே? தலை ஏன் இப்படி வழுக்கையாயிடுச்சு?"
பதிவேட்டில் கண்டதைச் சொன்னேன். பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.
"அதான் வரலையா? வம்சாவழின்னா உனக்கும் ஒட்டிக்கும்னு?"
நான் வாயைத் திறக்குமுன் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.
வாசலில் தலைமை நர்ஸ் பிடித்துக்கொண்டார். "பத்து வருஷமா அவங்களுக்கு மாத்திரைகூடக் கிடையாதுங்க. கூட்டிட்டுப் போக ஆள் வரல. அவ்வளவுதான்."

ஏப்ரல் 9
வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறாளாம். யோசிக்கணுமாம்!

ஏப்ரல் 15
வருகிறாளாம். தனி அறை வேண்டும், தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்க வேண்டும்.
சிரிப்பு டாக்டரிடம் போனேன். "ஃபைல்ல வம்சாவழின்னு இருக்கே சார். குழு கூடித்தான் விடணும். ஒரு வருஷம்கூட ஆகலாம்." சிரிப்பு. "மலர் நல்லபடியா அச்சுக்குப் போயிட்டா எனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். நானே கையெழுத்துப் போட்டுடலாம்."
முப்பத்தெட்டுப் பக்கம். இத்தனை வருடத்தில் நான் உருப்படியாக எழுதியது அந்தச் சங்கிலி அத்தியாயம் ஒன்றுதான்.

ஏப்ரல் 16
எடுத்துவிட்டேன். தோட்டத்துப் படம் பன்னிரண்டு சேர்த்தாயிற்று. நாசமாய்ப் போக.

மே 8
மலர் வெளியீடு. போகவில்லை. அக்காவின் அறைக்குத் திரைத்துணி வாங்க இருவரும் நடந்தே போனோம். பாதி வழியில் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "யாரு துரத்துறாங்க உன்னை?" மெதுவாக நடந்தேன்.
தெருமுனையில் எதிர்வீட்டு வக்கீல். எல்லாம் தெரிந்துகொள்ளாவிட்டால் அந்த ஆளுக்குச் சோறு இறங்காது. "இவங்க யாரு சார்?"
"என் அக்கா."
"அக்காவா? இத்தனை வருஷத்துல சொன்னதே இல்லையே!"
"வெளியூர்ல இருந்தாங்க."
"பொய் சொல்றான்," என்றாள் அக்கா. "இதே ஊர்லதான் இருந்தேன். பஸ்ஸுல அரைமணி நேரம்."