மூணாவது மாடியின் வேன் டிரைவர்

அன்புள்ள என் கண்ணுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் வாய் எங்கள் இருவரையும்விடச் சுகம். நீ போனில் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்வது ஒவ்வொரு தடவையும் ஒரே ராகத்தில் இருக்கிறது, அதனால் இந்தத் தடவை எழுத்தில் சொல், படித்துப் பார்த்து நம்புகிறேன். ஷெட் கூரையில் ஒழுகல் நின்றுவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரர் கண்ணாடி மாற்றிக்கொண்டார், இப்போதுதான் என் ரவிக்கைகளைச் சரியான அளவில் தைக்கிறார். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். சொல்ல முடியாத ஒன்று இருப்பதால்தான் காகிதம் எடுத்தேன். உட்கார்ந்து படி.

டிப்போவில் ஓய்வு கொடுத்தபிறகு நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுவதாகச் சொன்னேன் அல்லவா, அது பொய். இரண்டு வருஷமாக நான் ஓட்டுவது உன் பாட்டுக் குழுவின், அந்த பேண்டின் வேன். "அவங்க பேச்சை எடுக்காதீங்க" என்று நாலு வருஷத்துக்கு முன்னால் நீ போகும்போது சொன்னாய், அதனால் எடுக்கவில்லை, வேனை மட்டும் எடுத்தேன். அவர்களுடைய டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான், உன்னோடு பேண்டை ஆரம்பித்த நெட்டையன் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஆன்ட்டி, ஒரு நாளைக்கு மட்டும்" என்றான். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவளுக்கு வீட்டில் உட்கார்ந்து ஓட்ட என்ன இருக்கிறது, ஈயா? ஒரு நாள் என்றது இரண்டு வருஷமாகிவிட்டது. அப்பாவும் கூட வருகிறார். நிகழ்ச்சிகளில் பேண்ட் பேர் போட்ட சட்டை விற்கும் மேஜை அவருடையது. நண்பர் வீட்டுக்குப் போவதாக உன்னிடம் அளந்ததெல்லாம் அந்த மேஜைதான். எல்லோருக்கும் பெரிய சைஸ் சட்டையாகக் கொடுத்து, "வளர்ற வயசு, போட்டுக்கோ" என்கிறார், வாங்குகிறவருக்கு நாற்பது வயது.

நீங்கள் நம் ஷெட்டில் ஆரம்பித்தபோது, மாடியே இல்லாத வீட்டில் இருந்துகொண்டு 'மூணாவது மாடி' என்று பேர் வைத்திருக்கிறீர்களே என்று சிரித்தேன். நீ போனபிறகு அந்தப் பேர் எவ்வளவு சிரமப்பட்டு நின்றது என்று உனக்குத் தெரியாது. இரண்டாவது ஆல்பம் பாதியில் கிடந்தது. நெட்டையனின் தங்கை உன் இடத்தில் பாட வந்தாள். நல்ல குரல், ஆனால் உன் வரிகளைப் பாடும்போது பிறத்தியார் செருப்பைப் போட்டு நடப்பவள் மாதிரி தயங்குவாள். சாப்பாட்டுக் கடைகளில் வாசித்தார்கள், சாப்பிடுகிறவர்கள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். பேஸ் கிடார் வாசிக்கும் நம் பல்லு, பகல் முழுக்கப் பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்துவிட்டு அந்த மாவுக் கையோடு ஓடி வருவான். அறிவிப்பு ஒட்டும்போதும் மேடையிலும் உன் பேரை மட்டும் நெட்டையன் சொல்லவே மாட்டான். "நடு வழியில எறங்கினவங்க பேரு எதுக்கு?" என்பான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

போன மாதம் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் மத்தியான நிகழ்ச்சி. அதுதான் கடைசி, அதோடு கலைத்துவிடலாம் என்று மூன்று பேரும் பேசி வைத்திருந்தார்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன், கால் தரைவரை போய்விட்டது. பயந்துவிடாதே, எழுதிக்கொண்டிருப்பது நான்தானே. மூன்றாவது, இரண்டாவது என்று கியரை இறக்கி, மலைப்பக்கத்து மண் மேட்டில் வேனின் இடுப்பை உரசவிட்டு, சாலை வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் கொண்டுபோய்ச் செருகினேன். நெட்டையன் நெற்றியில் ஒரு வீக்கம், வேறு ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அப்பாவின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், என்னுடையதைவிட நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. நீ போட்டுக் கொடுத்த உயிர் அல்லவா.

மெக்கானிக் வரும்வரை சாலையோரம் உட்கார்ந்திருந்தோம். நெட்டையன் நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டே, "உங்க பொண்ணு கெட்டிக்காரி ஆன்ட்டி, நேரம் பாத்து எறங்கிட்டா" என்றான். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "அவ எறங்கல. எறக்கினது நாங்க" என்று சொல்லிவிட்டேன். அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. அப்பாவின் ஆபரேஷன் செலவுக்காகத்தான் நீ அந்த வெளிநாட்டு வேலையை எடுத்தாய், தெரிந்தால் அவர்கள் ஆல்பத்தைக் கைவிட்டு உதவிக்கு ஓடுவார்கள் என்றுதான் வேண்டுமென்றே சண்டை போட்டுக்கொண்டு போனாய், எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாய். அதை உடைத்தேன். மன்னித்துக்கொள், ஆனால் வருத்தப்படுகிறேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

அவன் எழுந்து வளைவுவரை நடந்துபோய் மலையைப் பார்த்து நின்றான். தங்கை எழப்போனாள், பல்லு, "விடு, வந்துருவான்" என்றான். வந்தான். வந்து ஒரே கேள்விதான் கேட்டான், "அங்கிளுக்கு இப்ப நல்லா இருக்கா?" எதிரில் உட்கார்ந்திருந்த அப்பா, "ரெண்டு வருஷமா உன் சட்டையைத்தானேடா வித்துட்டிருக்கேன்" என்றார். அதற்குப் பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.

ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். பாதிக் கூட்டம் கலைந்திருந்தது. முதல் பாட்டுக்கு முன்னால் நெட்டையன் மைக்கை வாங்கி, "இந்தப் பாட்டை எழுதினவ ரொம்ப தூரத்துல இருக்கா. நாலு வருஷமா அவ பேரைச் சொல்லாமலே பாடிட்டிருந்தோம், அது என் தப்பு" என்று சொல்லி உன் பேரைச் சொன்னான். முழுப்பேரையும். அன்றைக்கு அந்தத் தங்கை பாடினாள் பார், சொந்தச் செருப்பு. போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். கலைக்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. பாதியில் கிடந்த ஆல்பத்தை இப்போது ஷெட்டிலேயே முடிக்கிறார்கள், உன் பேர் முதலில் இருக்கிறது.

கண்ணு, நான் யாருக்கு நன்றி சொல்வேன்? உன்னால் அவர் இருக்கிறார். உன் நண்பர்களால் நீ இல்லாத வீட்டில் சத்தம் இருக்கிறது. இந்த வயதில் எனக்கு ஒரு வண்டியும், கேட்கப் பாட்டும், திட்ட மூன்று பேரும் கிடைத்திருக்கிறார்கள். பிரேக்கை இப்போது வாராவாரம் பார்க்கிறேன், கவலைப்படாதே. நீ காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்காதே, குளிரில் கழுத்தை மூடிக்கொள்.

நீண்ட ஆயுளோடும் உடல் நலத்தோடும் நீ நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இரு. இந்த உறைக்குள் இன்னொரு காகிதம் மடித்து ஒட்டியிருக்கும். நெட்டையன் கொடுத்தான். அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முயன்றார், பிடுங்கி வைத்துவிட்டேன், நாங்கள் யாரும் படிக்கவில்லை. முதலில் சாப்பிடு. அப்புறம் அதைப் பிரி.

என்றும் உன் நினைவோடு,
அம்மா