ஒன்பதாவது பாட்டில் ஓர் இடம்

ஃப்ளோரன்ஸ், அலபாமா
அக்டோபர் 9

அன்புள்ள அண்ணன் ஹார்லனுக்கு,

மூன்று வருடத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே. இங்கே எல்லோரும் சுகம். உன் முகவரியைத் தரும்போது அம்மா, "டெக்சஸ் வெயில்ல அவன் தொப்பி போடுறானான்னு கேளு" என்றாள். கேட்டுவிட்டேன்.

என் முதல் தனி ஆல்பம் முடியப்போகிறது. பத்துப் பாட்டுகள். பாதி கன்ட்ரி, பாதி ப்ளூஸ். எல்லாம் நானே எழுதியவை.

முதல் நாள் ஸ்டூடியோவில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டை முழுதாகப் பாடி முடித்தேன். ஒலிப்பதிவு செய்யும் டெல்பர்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா மெட்டை யாரு பாடப்போறா?" என்றார். பன்னிரண்டு வருடம் மேடையில் உன் பின்னால் நின்று பாடிய பழக்கம். என் சொந்தப் பாட்டுக்கே துணைக்குரலைப் பாடியிருக்கிறேன்! மறுபடி பாடினேன், மறுபடியும் அதேதான். "உங்கண்ணன் உள்ள எங்கயாச்சும் ஒளிஞ்சிருக்கானா? வெளிய வரச் சொல்லு" என்றார். என் மெட்டை நானே பிடிக்க நான்கு நாளாயிற்று.

அந்த நாட்களில்தான், மூன்று வருடத்துக்கு முன் நாம் பிரிந்த அந்த ஜாக்சன் ஊர் பெட்ரோல் பங்க் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. வேனிலிருந்து என் கிதாரை இறக்கி வைத்து, "இனிமே எனக்குப் பின்னாடி நிக்காத. போய் உன் பாட்டைப் பாடு" என்றாய். துரத்திவிட்டாய் என்றே இத்தனை காலம் கறுவிக்கொண்டிருந்தேன். நம் பழைய குழுவின் லெஸ்டர் போன வாரம் ட்ரம்ஸ் வாசிக்க வந்தபோது சொல்லித்தான் தெரியும்: நீ என்னை இறக்கிவிட்டதற்கு முந்தின வாரம்தான் டாக்டர் உன் தொண்டையைப் பார்த்து, குரல் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாயாம். சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது.

நன்றி, அண்ணா. இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை தாளைக் கிழித்தேன் என்று அம்மாவைக் கேள்.

ஒன்பதாவது பாட்டில் மெட்டு என்னுடையது. அதற்குக் கீழே துணைக்குரலுக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். வேறு யாரையாவது பாடவைக்கலாம் என்றார் டெல்பர்ட். வேண்டாமென்றேன். இப்போது உன் குரல் கரகரவென்று, பாதி மூச்சாகத்தான் வருகிறது என்று லெஸ்டர் சொன்னான். இது சோகமான ப்ளூஸ் பாட்டு, அதற்கு அந்தக் குரல் போதும். இருபத்தெட்டாம் தேதி வரை காத்திருப்போம். நீ வராவிட்டால் பாட்டு அப்படியே வெளியாகும். கேட்பவர்களுக்கு அங்கே ஓர் இடம் இருப்பதே தெரியாது. எனக்குத் தெரியும்.

வா அண்ணா. இந்த ஒரு தடவை நீ என் பின்னால் நில்.

உன் தங்கை,
வெர்லீன்