ஷிரோமி கேட்டால் சொல்லவேண்டியது

அன்புள்ள றெஜினாவுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் சுகமாய் இருக்கிறேன். உம்முடைய முழங்கால் நோ எப்படி? போனில் கதைத்தால் மகள் ஷிரோமிக்குக் கேட்டுவிடும். அதனால் இங்கே லாச்சப்பல் தெருவில் தமிழ்க் கடை வைத்திருக்கும் அன்ரனைக்கொண்டு இதை எழுதுவிக்கிறேன்.

போன சனி, ஷிரோமி கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தோணி வலிக்கப் பழக்கும் ஆற்றுக்கு நானும் போனேன். தண்ணீரைக் கண்டதும், அங்கே கடலுக்குப் போன பழக்கத்தில் குனிந்து தொட்டுச் சிலுவை போட்டேன். அதுவும் பாடமாக்கும் என்று அத்தனை வெள்ளைப் பிள்ளைகளும் வரிசையாய்ச் சிலுவை போட்டார்கள்.

"ஐயோ அப்பா, என்ரை வகுப்பைக் கோயிலாக்கிப் போட்டியளே!"

ஐந்து வயதில் முதல்முதல் அவளை வள்ளத்தில் ஏற்றினபோது, கரையில் நின்று நீர் என்னை ஏசஏச அவள் சிரித்தாளே, அதே சிரிப்பு.

மலைப்பக்கக் கல்லூரி ஒன்று அவளை நிரந்தரமாய்க் கூப்பிடுகிறது. கோடையில் தோணி, மாரியில் பனிச்சறுக்கு படிப்பிக்கலாம். அந்தக் குளிர் என் நெஞ்சுக்கு ஆகாதாம். "உங்களைத் தனிய விட்டிட்டுப் போகமாட்டன்" என்று நிற்கிறாள்.

ஞாயிறு போனில், அம்மா என்ன சொல்லுறியள் என்று உம்மிடம் கேட்பாள். அப்பாவுக்கு இங்கே கதைக்க நிறையப்பேர் இருக்கிறார்கள், பயப்படாமல் போ என்று சொல்லும்.

அங்கேயிருந்து ஆரும் இங்கே வந்தால் கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடும். ஒரு ஆளுக்குக் காணுமளவு போதும்.

அன்ரன் கடை பூட்டப்போகிறான்.

உமது
அம்புறோஸ்