நீ பார்க்காத கம்ப்யூட்டரில் உன் கையெழுத்து

தோல் பதனிடும் டேனரி வாடையிலேயே வளர்ந்த மூக்கு என்னுடையது. அதையும் தாண்டி இன்று காலை கருகிய பிளாஸ்டிக் வாடை அடித்தது. மாதனூர்ப் பெண் ஒருத்தி நம் கடைக்குத் தூக்கி வந்த கம்ப்யூட்டர். வீட்டிலிருந்தே ஷூ கம்பெனிகளுக்கு டிசைன் வரைகிறாள். மூடியைக் கழற்றினேன். கிராபிக்ஸ் கார்டின் வேகத்தை ஓவர்கிளாக் செய்து முழுசாக ஏற்றிவிட்டு, ஒரே ஒயரைப் பிரித்து இரண்டு இடத்தில் சொருகியிருக்கிறான் எவனோ. பிரித்த இடம் உருகிப் போயிருந்தது. காகிதம் மாதிரி கனமில்லாத மட்டமான பவர் சப்ளை. அதன்மேல் பச்சை மையில் உன் கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கர்.

நீ செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவள் அதை வாங்கியது போன மாதம்.

போனவனைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன், கேள்.

அந்த ஸ்டிக்கரை நீ லேசில் கொடுத்ததில்லை. ஸ்பீடு ஜாஸ்தி வேணும் என்று யார் வந்தாலும் கார்டைத் தொடமாட்டாய், பவர் சப்ளையைத்தான் பார்ப்பாய். கார்டு கேட்கும் கரண்ட், மற்றதெல்லாம் கேட்கும் கரண்ட், அதற்கு மேலும் தாராளமாக மிச்சம் இருக்கவேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவாய். கார்டின் ஒவ்வொரு பிளக்குக்கும் தனி ஒயர். பிறகு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சூட்டைப் பார்த்து, ஓடவிட்டு, படத்தில் ஒரு புள்ளி மின்னினாலும் ஒரு படி இறக்கிவிடுவாய். போதும்டா, நல்லாத்தானே ஓடுது என்பேன் நான்.

“இரு. டிரம்மு ஓடட்டும்.”

பின்னாலிருக்கும் டேனரியில் சாப்பாட்டு நேரம் முடிந்து தோல் ஊறும் பெரிய டிரம்களை ஓட்டும்போது கரண்ட் இறங்கி நம் டியூப்லைட் மங்கும். சரியாக அந்த நேரத்தில் கார்டை முழு வேகத்தில் வைப்பாய். கம்ப்யூட்டர் அணையாமல் நின்றால்தான் பேனாவை எடுப்பாய். நெமிலியிலிருந்து வந்த கல்யாண வீடியோக்காரர், வேலூரில் அஞ்சே நிமிஷத்தில் செய்து தருகிறார்கள் என்று சலித்துக்கொண்டார். அப்போ அங்கேயே போங்க சார் என்று நீ டீ குடிக்கக் கிளம்பிவிட்டாய்.

அப்படிப்பட்டவன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு ரோல் ஸ்டிக்கர் முழுக்க முன்கூட்டியே கையெழுத்துப் போட்டாயே, உனக்குப் புத்தி எங்கே போனது? தம்பி தனியாகக் கடை போடுகிறான், டெஸ்ட் பண்ணிவிட்டுத்தான் ஒட்டுவான் என்றாய். வேண்டாம்டா என்று சண்டை போட்டேன்.

“என் தம்பிடா அவன்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு என்னிடம் நீ பேசவே இல்லை.

அவளுக்கு அதை விற்ற அந்தத் தம்பிக்கு இன்று போன் போட்டேன். குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

“அண்ணன் கையெழுத்துன்னா ஜனங்க நம்புறாங்கணா. ஒட்டினா இன்னா தப்பு?”

கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில்தான் குழந்தையைத் தூங்க வைப்பாளாம் அந்தப் பெண். போனில் அவனை என்னவெல்லாம் சொன்னேன் என்று இங்கே எழுதமுடியாது. ஆனால் அவனைவிட உன்மேல்தான் ஆத்திரம். ஊரையே நம்பாமல் டிரம்முக்காகக் காத்திருந்தவன், தம்பியை மட்டும் டெஸ்ட் பண்ணாமல் விட்டாய்.

நல்லவேளை, கார்டு பிழைத்தது. நல்ல பவர் சப்ளை போட்டேன், தனித்தனி ஒயர் கொடுத்தேன், வேகத்தைக் குறைத்து வைத்தேன். மதியம்வரை அவளை உட்கார வைத்தேன். டியூப்லைட் மங்கியது. கம்ப்யூட்டர் அணையாமல் ஓடியது. கழற்றிய பவர் சப்ளையிலிருந்த ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டினேன்.

“அதப் பாத்துதாண்ணா வாங்கினேன்” என்றாள்.

“அந்தக் கையெழுத்து போட்டவன் இதப் பாக்கவே இல்லம்மா.”

இனி உன் பெயரோடு எது வந்தாலும் சுரண்டுவேன். என் கம்ப்யூட்டரில் இருப்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அது நீயே உட்கார்ந்து பார்த்து ஒட்டியது. டிரம் ஓடும்போது அது இன்னும் ஒருமுறைகூட அணையவில்லை, பாவி.