என் நாவலுக்கு ரோஸ் ஒயினாம்

ஜூன் 3, செவ்வாய்

பல் துலக்குமுன்பே பதிப்பாளர் நந்தகோபாலிடமிருந்து வாட்ஸ்அப். 22ஆம் தேதி சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் விழாவாம். பெயர் ‘நாவலும் ஒயினும்’. எட்டு நாவல்கள், ஒவ்வொன்றின் மனநிலைக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு ஒயின். குடித்துக்கொண்டே வாசிப்பதைக் கேட்பார்களாம். எட்டில் என் ‘சவர்க் கிணறு’ம் ஒன்று. கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஐம்பத்திரண்டு வயதில் துள்ளக்கூடாது.

ஒயினுக்கும் எனக்கும் உள்ள உறவு, ஒரு கிறிஸ்துமஸுக்கு தெருக்கோடி டீச்சர் வீட்டில் குடித்த அரை டம்ளர் திராட்சை ரசம். அன்றைக்கு நான் பாடினேன் என்று தெருவே சொல்கிறது. நான் நம்பவில்லை.

இருக்கட்டும். இன்சூரன்ஸ் பாலிசி பிடிக்கப் போகிற வீட்டில் கிடைக்கிற வம்பையெல்லாம் சிரிப்புக் கட்டுரையாக்கி வயிறு வளர்த்த இந்த வெயிலம்மாள், முதல்முறையாகச் சிரிப்பில்லாமல் ஒன்று எழுதியிருக்கிறாள். ஆறு வருச உழைப்பு. பசுவந்தனைப் பக்கம் மழை பொய்த்த வருசம், பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியின் கதை. அதை நாலு பேர் ஒழுங்காகப் படிக்க வேண்டும். எனக்கு வேறென்ன வேண்டும்?

ஜூன் 4, புதன்

பட்டியல் வந்தது. வயிறு எரிகிறது.

கொலை நாவலுக்குக் கறுத்த சிவப்பு ஒயின். குடும்ப நாவலுக்கு மரப்பீப்பாயில் பழுத்தது. எனக்கு? ரோஸ் கலரில் ஒன்று. “இனிப்பு, லேசான நுரை. நாக்கில் தங்காது. சிரித்துக்கொண்டே குடிக்கலாம்.” எழுதியவர் ஒயின் நிபுணராம்.

படித்தானா இவன்? அட்டையில் என் பெயரைப் பார்த்திருப்பான். சிரிப்பு எழுத்தாளர், ஊத்து நுரையை. பிள்ளையைப் புதைக்கிற அத்தியாயத்துக்கு நுரையாடா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டே சிரித்தார். “நீ எழுதுனா சிரிப்பாத்தானட்டி இருக்கும்.” புத்தகத்தை அவர் இன்னும் திறந்தே பார்க்கவில்லை. படிக்காமலே சிரிக்கிற முதல் ஆள் என் வீட்டிலேயே இருக்கிறார், ஊரான் மேல் கோபப்பட்டு என்ன?

ஜூன் 5, வியாழன்

பக்கத்து ஜவுளிக்கடை பதருன்னிசாவுக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தேன். பத்துப் பக்கம் படித்துவிட்டாளாம். “எக்கா, சிரிப்பு எந்தப் பக்கத்துல வருது? அதைச் சொல்லுங்க, நேரா அங்கன போயிருதேன்.”

கடையில் பார்த்த சேலையை வாங்காமல் வந்துவிட்டேன். என்னால் முடிந்த பழி.

ஜூன் 7, சனி

நந்தகோபாலுக்கு எழுதினேன். “என் நாவலுக்கு ஒயின் வேண்டாம். எங்க ஊர்ச் சவர்க் கிணற்று உப்புத் தண்ணியை ஊற்றுங்கள். முதல் வாய் துப்பத் தோன்றும். துப்பக்கூடாது. விழுங்கினால் தொண்டையிலேயே நிற்கும். அதுதான் என் நாவல்.”

நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இட்லி சாப்பிட்டேன். கை கழுவுமுன் பதில். “பிரமாதமான ஐடியா மேடம். வரும்போது ஒரு கேன் கொண்டு வந்துடுங்க.”

நான் திட்டினால் கூட ஆர்டர் எடுக்கிறார்கள்.

ஜூன் 20, வெள்ளி

யோசித்துப் பார்த்தேன். சரி, குடிக்கட்டுமே. அந்த உப்பு தொண்டையில் நிற்கும்போது கிணற்றடி அத்தியாயத்தை வாசித்தால் ஒருத்தனுக்கும் சிரிப்பு வராது. பசுவந்தனை போய் அந்தக் கிணற்றில் ஒரு கேன் பிடித்து வந்தேன்.

எதற்கென்று வீட்டுக்காரர் கேட்டார். சொன்னேன். “விருந்துக்கு வாரவியளுக்கா?” என்றார். கேனைத் தானே கட்டிவைப்பதாகச் சொன்னார். என்ன கரிசனம்!

ஜூன் 23, திங்கள்

ஊர் வந்து சேர்ந்தேன். பையைக் கூட இறக்காமல் எழுதுகிறேன். அவ்வளவு கோபம்.

ஹோட்டலில் மார்கழி மாதிரிக் குளிர். ஒல்லிக் கழுத்துக் கண்ணாடிக் கோப்பைகளில் என் தண்ணியை ஊற்றிக் கொடுத்தார்கள். நிபுணர் கோப்பையைச் சுழற்றினார், விளக்கில் காட்டினார், மூக்கை விட்டார், ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடினார். “கரிசல் மண்ணின் உப்பு… முதலில் நுனி நாக்கில். பிறகு தொண்டையில் வெகுநேரம்.” சபை தலையாட்டியது. ஒரு அம்மாள், கண்ணீர் போல இருக்கிறது என்றார்.

நானும் குடித்தேன்.

கற்கண்டு மாதிரி இருந்தது. எங்கள் தெருக்குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணி. தூக்கத்தில் கொடுத்தாலும் எனக்குத் தெரியும். கேனை மாற்றியிருக்கிறார் அந்த மனுசன்!

மைக்கைப் பிடித்தேன். “இது உப்புத் தண்ணி இல்ல. நாங்க வீட்டுல குடிக்கிற நல்ல தண்ணி. என் வீட்டுக்காரர் மாத்திட்டாரு.” சபை விழுந்து விழுந்து சிரித்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்றேன். இன்னும் சிரித்தார்கள். நிபுணரும் சிரித்தார், கொஞ்சம் வெளிறிப்போய். அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே கிணற்றடி அத்தியாயத்தை வாசித்தேன். பிள்ளையைக் குழியில் இறக்குகிற வரிக்கு முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். அது முந்தைய சிரிப்பின் மிச்சம்.

இறங்கியதும் நந்தகோபால் சொன்னார்: “டைமிங் சூப்பர் மேடம்.”

ஆறு வருசம். போச்சு.

ஜூன் 24, செவ்வாய்

நேற்று எழுதி முடித்ததும் நேரே பட்டறைக்குப் போனேன். ஏன் மாத்துனிய என்று கேட்டேன்.

“மாத்துனேன். தேடி வந்தவன் வாயில உப்புத் தண்ணிய ஊத்துவாவளா? அதுவும் நம்ம ஊரு பேரச் சொல்லி?”

“நாவல்ல அப்படித்தான் வருது. பஞ்சம் பாக்க வந்த தாசில்தாருக்கு அவ உப்புத் தண்ணிதான் குடுக்கா.”

“அப்ப நாவலே தப்பு. நம்ம ஊருப் பொம்பள எவளும் அப்படிக் குடுக்க மாட்டா.”

“படிக்காம தப்புன்னு சொல்லாதிய!” பையிலிருந்த புத்தகத்தை வீசினேன். செம்புக்கம்பிச் சுருளில் பட்டு விழுந்தது. தெருவே கேட்கிற மாதிரிக் கத்திவிட்டு வந்தேன். பதருன்னிசா கடை வாசலுக்கே வந்து நின்று கேட்டாள். நானாக இருந்தாலும் வந்திருப்பேன்.

என்ன திமிர்! தப்பாம்!

…ஆனால் இதுவரை எவனும் அதைத் தப்பு என்று கூடச் சொல்லவில்லையே. சிரித்தார்கள், அவ்வளவுதான். என் கதைக்காரியை நம்ம ஊர்ப் பொம்பளையாகவே நினைத்து முதலில் சண்டைக்கு வந்திருப்பது இந்த மனுசன்தான். அதற்காகக் கோபம் குறைந்துவிட்டதா? இல்லை. மதியம் சமையலை ரசத்தோடு நிறுத்திக்கொண்டேன், அவருக்குக் கூட்டு கிடையாது.

ஜூன் 26, வியாழன்

பேச்சுவார்த்தை இல்லை. பட்டறையைக் கூட்டப் போனபோது தரையில் புத்தகத்தைக் காணவில்லை. 

ஜூன் 29, ஞாயிறு

இடைசெவலிலிருந்து கருத்தையா அண்ணாச்சி வந்திருந்தார். மோட்டார் எரிந்துவிட்டதாம், பருத்தி காய்கிறதாம். பட்டறை பூட்டிக் கிடக்கிறதே, ஆள் ஊரில் இல்லையா என்றார். எனக்கும் காலையிலிருந்தே ஆளைக் காணோம். பின்கட்டில் எட்டிப் பார்த்தேன். சட்டை போடாமல், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு, என் நாவலின் கடைசிப் பக்கங்களில் இருந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

நான் நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை. “புள்ளயப் பொதைச்ச மறுநாளா அந்தத் தாசில்தாரு வந்தான்?” என்றார். ஆமாம் என்றேன். பக்கத்தைத் திருப்பினார்.

“அப்பன்னா குடுத்தது சரிதான்.”

வாசலுக்கு வந்து, “அவிய படிச்சிட்டு இருக்காவ அண்ணாச்சி, செத்த இருங்க” என்றேன். கருத்தையா அண்ணாச்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். செம்பில் நல்ல தண்ணி கொண்டுவந்து கொடுத்து, அவரை உட்கார வைத்தேன்.