வலிக்காமல் அடிப்பவன்

மார்ச் 4
இன்றும் தோற்றேன். திட்டப்படிதான். மல்யுத்த மேடையில் நான் கருநாகம், வில்லன். என்னைத் தோற்கடிக்கும் சிங்கம் என் தங்கையின் கணவர். நான் விழும்போது அவர் கை என் பிடரியைத் தாங்கும். அவர் விழும்போது என் கை. பார்ப்பவர்களுக்கு அது தெரியக்கூடாது. அதுதான் தொழில்.

மார்ச் 9
முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “ஜனங்க உஷாராயிட்டாங்க. எது நடிப்புன்னு மூஞ்சியப் பார்த்தே சொல்லிடுறாங்க. கொஞ்சம் ரத்தம் காட்டுங்கப்பா.”
முடியாது என்றேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 16
மாப்பிள்ளை ஓங்கும் இரும்பு நாற்காலி என் முதுகில் தட்டையாக விழ வேண்டும். சத்தம் பெரிதாக, வலி சிறிதாக. விழுந்தது காதில். விளிம்பால்.
எழுந்தேன், கால் பின்னியது. அதற்கும் கைதட்டினார்கள்.

மார்ச் 17
தையல் போட்டுக்கொண்டே டாக்டர் கேட்கிறார்: “நீங்க சும்மா நடிக்கிறதுதானே?”
இடது காது இனி கேட்காதாம்.

மார்ச் 18
“கை தவறிடுச்சு மச்சான்” என்றார் மாப்பிள்ளை. இத்தனை வருஷம் தவறாத கை! அவர் நடிப்பு எனக்குத் தெரியாதா?
அவர் போனதும் தங்கை கிட்டே வந்து உட்கார்ந்தாள். ஆறு மாத வயிறு. “அண்ணா, நிஜமாச் சொல்லு. வேணும்னே அடிச்சாரா?”
“சேச்சே. நான்தான் தலையத் தப்பாத் திருப்பிட்டேன்.”
நம்பிவிட்டாள். மேடையில்கூட இவ்வளவு நன்றாக நடித்ததில்லை.

ஏப்ரல் 2
ஊரெல்லாம் சுவரொட்டி. என் காதுக் கட்டின் படம், அதன் கீழே ‘இந்த முறை நிஜம்’. பழிவாங்கும் ஆட்டமாம், கதைப்படி நான் ஜெயிக்கிறேனாம். டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது.
ஒத்துக்கொண்டேன். எதற்கு? வேறு எதற்கு — அவரை அடிக்கத்தான்.

மே 11
தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். அவர் பிடரி என் உள்ளங்கையில். கையை எடுத்தால் போதும், கதை முடிந்தது. “போடு! போடு!” என்று கூட்டம் அலறுகிறது. கொன்றால்கூடக் கைதட்டுவார்கள்.
“மச்சான்... பார்த்து” என்றார்.
பஞ்சு மூட்டையை இறக்குவதுபோல் இறக்கினேன். பாசத்தால் இல்லை. மன்னிக்கவும் இல்லை. என் கைக்கு வேறு எதுவும் தெரியாது, சனியன் பிடித்த கை.
“போங்கு! போங்கு!” தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன.

மே 12
முதலாளி போனில்: “உனக்கு வயசாயிடுச்சுப்பா.” அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 20
இப்போது சரக்குக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறேன். மதியம் தங்கை கைக்குழந்தையோடு அங்கேயே வந்துவிட்டாள், குழந்தையை என் கையில் கொடுத்தாள். புது வில்லன் நிஜமாகவே அடிக்கிறானாம். மாப்பிள்ளைக்கு விலா எலும்பு உடைந்திருக்கிறது. கட்டோடு அடுத்த வாரமும் மேடை ஏற வேண்டுமாம்.
“நீயே திரும்பி வந்து அவர்கூட மோதேன் அண்ணா. நீ அடிச்சா எனக்குப் பயமில்ல.”
இத்தனை வருஷத்தில் என் தொழிலைப் பற்றி ஒருவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.
குழந்தையை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். மாட்டேன் என்றேன்.