ரசீது வேண்டாங்க, தேதி குடுங்க

சோமனூர்,
5.10.2025

அன்புள்ள மாமாவுக்கு அன்புக்கரசி எழுதுவது. நானும் பாப்பாவும் சௌக்கியம். சத்தீஸ்கரில் மழை விட்டதா? போர்வெல் லாரியில் நேரத்துக்குச் சோறு கிடைக்கிறதா?

இது போனில் சொல்ல முடியாத விஷயம். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவீர்கள், பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள். ஆனி மாதம் குளிக்கும்போது இடது மாரில் சின்னக் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா, உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கவுன்டரில் கொடுத்த தேதி ஜனவரி 19. வெளியில் பார்க்க நமக்கு வழியில்லை.

நான் சீட்டை வாங்கி நகர்ந்ததும், எனக்குப் பின்னால் நின்ற சாந்தாமணி அக்கா ஒரு சீட்டை உள்ளே நீட்டினார். "இது எங்கூட்டுக்காரரு தேதிங்க. அவரு போயி பதினோரு நாளாச்சு. வேற யாருக்காச்சும் குடுத்துருங்க" என்றார். அப்படி மாற்ற முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் அவர் பக்கம் திரும்பிப் போனேன்.

அன்றைக்கே அந்த அக்காவும் நானும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிப் போட்டோம். பதில் வந்தது. காத்திருப்பவர்கள் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர். ஸ்கேன் டாக்டர் மூன்று பேர் இருக்க வேண்டும், இருப்பவர் ஒருவர். இரண்டு மெஷினில் ஒன்று சும்மா நிற்கிறது.

தறி வேலைக்கு லீவு போட்டு, ஸ்கேனுக்குக் காத்திருப்பவர்கள் முப்பது பேராகத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போனோம். அதிகாரி மனுவை வாங்கிக்கொண்டு ரசீதை நீட்டினார். "ரசீது வேண்டாங்க சார். டாக்டர் என்னைக்கு வருவாருன்னு தேதி எழுதிக் குடுங்க" என்றேன். அவர் என் சீட்டைப் பார்த்தார். "உங்களுக்கு அவசரம்னு தெரியுதுங்கம்மா. உங்க தேதியை மட்டும் நாளைக்கே மாத்தித் தரச் சொல்றேன்" என்றார்.

சரிங்க என்று வாய்வரை வந்துவிட்டது, மாமா. பாப்பா முகம்தான் கண்ணில் நின்றது. ஆனால் பின்னால் அத்தனை பேரும் சீட்டோடு நின்றார்கள். "எனக்கு மட்டும்னா வேண்டாங்க. இவங்களுக்கும் சேத்துப் பாருங்க" என்று சொல்லிப்போட்டேன். நீங்கள் திட்டுவீர்கள். பஸ்ஸில் வரும்போது நானே என்னைத் திட்டிக்கொண்டேன்.

பதினைந்து நாளில் டாக்டர் வருவார் என்று அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதினான்காம் நாள் வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து இரண்டு டாக்டர்கள் வந்துவிட்டார்கள். இப்போது இரண்டு மெஷினும் ஓடுகிறது. எத்தனை பேர் பாக்கி என்று வாராவாரம் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். சாந்தாமணி அக்கா திங்கள்தோறும் போய் அதைக் குறித்துக்கொண்டு வருகிறார். எண்ணிக்கை குறையாத வாரம் நாங்கள் மறுபடியும் வந்து நிற்போம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

என் முறை இந்த மாதம் 23, வியாழக்கிழமை. வரிசைப்படியே வந்தது.

எனக்குத் தைரியம் இருக்கிறது. என்ன வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு ஓனர் லீவு தரமாட்டார் என்றீர்களே, தீபாவளிக்கு வர வேண்டாம். துணிமணி, பலகாரம் எதுவும் வேண்டாம். அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மட்டும் வந்து, என் பையைப் பிடித்துக்கொண்டு ஸ்கேன் ரூமுக்கு வெளியே நில்லுங்கள், மாமா.

இப்படிக்கு,
உங்கள் அன்புக்கரசி